வீரலட்சுமி வீட்டு வாசப்படி

நிலக்கோட்டையிலிருந்து செம்பட்டிக்குப் போகிற வழியில், மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது அந்த ஊர். பேர் வேண்டாம். சொன்னால், எங்க ஊர ஏன் சந்திக்கு இழுத்தீகன்னு சண்டைக்கு வந்துவிடுவார்கள். சண்டைக்கும் அங்கே குறைச்சல் இல்லை, பாசத்துக்கும் குறைச்சல் இல்லை. பாசம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் வந்த வினைதான் இவ்வளவும்.

வீரலட்சுமி அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். பிறந்தது கொங்குச் சீமை, கீரனூர்ப் பக்கம். வந்த புதிதில் வாயைத் திறந்தால் ‘ஏனுங்க, சொல்லுங்க’ என்றுதான் வரும். நாத்தனார்மார் அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்தே பாதிப் பேச்சை அவளை விழுங்க வைத்துவிட்டார்கள். போகப்போக அவளும் அம்புட்டு, இம்புட்டு என்று ஊர்ப் பேச்சுக்கு வந்துவிட்டாள். ஆனால் கோபம் தலைக்கேறினால் பிறந்த ஊர்ப் பேச்சு தானாக வந்து நிற்கும். அவள் ‘ங்க’ போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டால் புருசன் குருசாமி கப்சிப்.

குருசாமி தென்னைமரம் ஏறுகிறவன். சுத்துப்பட்டுத் தோப்புக்காரர்கள் எல்லாருக்கும் அவன்தான் வேண்டும். ஒரு மழைக்காலத்தில், உச்சியில் நின்றுகொண்டு காய்ந்த மட்டையை நம்பிப் பிடித்தான். மட்டை கையோடு வந்துவிட்டது. மதுரை பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், இடுப்புக்குக் கீழே மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. அதற்கப்புறம் சக்கர நாற்காலிதான். ஊருக்குள் அதை வண்டி என்பார்கள்.

ஊர் அவனைக் கைவிட்டது என்று யாராவது சொன்னால் அது பொய். அவன் எங்கேயாவது போக வேண்டும் என்றால் ஆளுகள் ஓடி வருவார்கள். “ஏலே, அந்தப் பக்கம் புடி” என்று வண்டியோடு தூக்கிவிடுவார்கள். ரேஷன் கடைக்கு, கல்யாணத்துக்கு, கோயில் பொங்கலுக்கு, எங்கேயும் தூக்குதான். தூக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. தொட்டில் பிள்ளையிடம் யார் கேட்டுக்கொண்டா தூக்குகிறார்கள்?

ஒரு நாள் உதவித்தொகை விசயமாக டவுனுக்குக் கூட்டிப்போனார்கள். அந்தக் கட்டிடத்துக்கு உயரமான படிக்கட்டு. தூக்குகிற வேகத்தில் குருசாமியின் வேட்டி அவிழ்ந்து, உள்ளே மாட்டியிருந்த மூத்திரப் பை வெளியே தொங்கிவிட்டது. பூக்காரப் பொம்பளைகள் நின்றார்கள், காலேஜ் பிள்ளைகள் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஐயோ பாவம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிரித்திருந்தாலாவது பதிலுக்கு நாலு வசவு வைத்து மனசை ஆற்றியிருப்பான். அவமானம் அவனைத் தின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டான். “இனிமே என்னைய ஒருத்தரும் தூக்கக் கூடாது. தூக்கிக் கொண்டுபோற எடத்துக்கு நான் வரவும் மாட்டேன்.” சொன்னபடியே நின்றும்விட்டான்.

வீரலட்சுமி மட்டும் இதற்கு விலக்கு. வீட்டு நிலையின் அடிக்கட்டையாக நாலு விரல் உயரத்துக்கு வாசப்படி. அவள்தான் வண்டியைப் பின்பக்கமாகச் சாய்த்து, மூச்சைப் பிடித்து அதைத் தாண்டி இறக்குவாள். அவளோ விடியுமுன்னே மொட்டுப் பறிக்கப் போய், வெயில் ஏறின பிறகு திரும்புகிறவள். அதுவரைக்கும் குருசாமி உள்ளேதான். தெருவில் போகிற சத்தத்தை வைத்தே யார் போகிறார்கள் என்று சொல்லிவிடுவான். அந்தச் சாமர்த்தியத்தை வீரலட்சுமி பெருமையாக வெளியே சொல்வாள். அது சந்தோசப்படுகிற விசயமில்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பொன்னழகு ஒரு யோசனை கொண்டுவந்தாள். மகளிர் குழுவுக்குத் தலைவி அவள். புருசனைப் பறிகொடுத்தவள், தனியாளாகப் பூந்தோட்டம் பார்க்கிறவள், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பூ எடை போடுகிற கொட்டகையில் ஊரைக் கூட்டிவைத்துச் சொன்னாள்.

“சக்கரை மாத்திரைக்கு ஒரு பஸ்ஸு, பென்சனுக்கு ஒரு பஸ்ஸு. நடக்க முடிஞ்சவளுக்கே நாக்குத் தள்ளுது. முடியாதவுக என்ன பண்ணுவாக? நமக்குன்னு ஒரு ரூம்பு கட்டுவோம். நர்சம்மா வாராவாரம் வரட்டும். எழுதுறது, பதியுறது, மாத்திரை, மருந்து எல்லாம் அங்கனயே நடக்கட்டும். ஆருக்கும் ஆரும் தயவு காட்ட வேணாம். வீட்டுக்கு ஒரு வெள்ளிக்கெழமப் பூவக் குடுங்க, கட்டிருவோம்.”

வெள்ளிக்கிழமைப் பூவுக்குத்தான் நல்ல விலை. ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டே எல்லா வீட்டிலும் கொடுத்தார்கள். அவரவர்க்கு என்ன வேண்டும் என்று பொன்னழகு கேட்டாள். புள்ளத்தாச்சிகளுக்குத் திரை போட்ட மறைப்பு வேண்டும் என்றார்கள். சாய்ந்து உட்கார பெஞ்சு வேண்டும் என்றார்கள். காது கேட்காத கிழவர் ஒருவர், என்கிட்ட கத்தாமப் பேசுற ஆளாப் போடுங்க என்று கத்தினார். வீரலட்சுமி தள்ளிக்கொண்டு வந்திருந்த குருசாமி கடைசியாகப் பேசினான்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்க்கா. நானா உள்ள போகணும். ஒருத்தர் கை படக் கூடாது.”

“அம்புட்டுதானப்பு? அங்க ஒக்காந்து வேல பாக்கப்போற ஆளே நீதான” என்றாள் பொன்னழகு.

அது சும்மா ஆறுதலுக்குச் சொன்னதில்லை. படுத்துக்கிடந்த காலத்தில் போனில் எல்லாவற்றையும் நோண்டிப் பழகியவன் குருசாமி. தெருவில் பாதிப் பேருக்குப் பென்சன் விண்ணப்பம் போட்டுக்கொடுத்தவன் அவன்தான். சாவி அவனிடம் இருக்கும், காலையில் திறந்து சாயங்காலம் பூட்டுவது அவன் பொறுப்பு என்று கொட்டகையிலேயே முடிவாயிற்று. அன்றைக்கு ராத்திரி ரெண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். வீரலட்சுமிக்குக் கண் கலங்கி, அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளித்தாள். அவர்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

கட்டிட வேலை தொடங்கி, நிலை வைக்கிற நாள் வந்தது. பழனிக்குமார் ஆசாரி வேப்பமரத்தில் பார்த்துப் பார்த்து இழைத்த நிலை. பொன்னழகு நல்ல நேரம் குறித்து, நவதானியம், காசு, மஞ்சள் எல்லாம் கொண்டுவந்தாள். நிலையை ரோட்டோரம் படுக்கப் போட்டிருந்தார்கள். “தம்பி, இனி ஒன் எடம் இது. மொதக் குங்குமத்த நீ வையி” என்றாள். குருசாமி வண்டியிலிருந்து குனிந்து, வாசப்படிக் கட்டையில் மஞ்சள் பூசி, பொட்டுப் பொட்டாகக் குங்குமம் வைத்தான். பொம்பளைகள் குலவை போட்டார்கள். ஆசாரி தூக்கி நிறுத்தினான்.

பிறகு சுவர் எழும்பியது, கூரை ஏறியது. கடைசியில் சரிவுப் பாதை. அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஏறுவதே தெரியாத சரிவு, பக்கத்தில் கைப்பிடி, வழுக்காமல் இருக்க சிமெண்டில் கோடு. ஊரே நின்று பார்த்துப் பார்த்துப் போட்டது.

திறப்பு நாளன்று குருசாமி வெள்ளை வேட்டி சட்டை போட்டு, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். தானே சக்கரத்தைத் தள்ளிச் சரிவில் ஏறினான். வீரலட்சுமி பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு நடந்தாள். கட்டாவிட்டால் கை தானாகத் தள்ளப் போய்விடும். அவனே பூட்டைத் திறந்தான், கதவை உள்ளே தள்ளினான், வண்டியை முன்னால் விட்டான்.

முன் சக்கரம் வாசப்படியில் முட்டி நின்றது.

ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு தரம் விட்டான். மறுபடியும் முட்டியது. அவன் கையால் வைத்த குங்குமம், அவனையே மறித்துக்கொண்டு நின்றது. இம்புட்டு சனத்தில் ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? ஆசாரிக்குத் தோன்றவில்லை, கொத்தனாருக்குத் தோன்றவில்லை, பொன்னழகுக்குத் தோன்றவில்லை. குருசாமிக்கே தோன்றவில்லையே. வாசப்படி இல்லாமல் ஒரு வாசல் இருக்கும் என்று யாரும் பார்த்ததே இல்லை.

“செத்த நில்லுங்க, ரெண்டு பேரு புடிங்க” என்று பழக்க தோசத்தில் ஆளுகள் வந்தார்கள்.

“தொடாதீக” என்றான் குருசாமி. சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

பலகை போடலாம் என்று ஒருவர் சொன்னார். “நான் காலையில வந்து தெறக்கையில பலகைய எடுத்துப் போட ஆள் எங்க போயித் தேட?” என்றான். ரெண்டு பக்கமும் சிமெண்டுச் சரிவு போடலாமே என்றார் இன்னொருவர். உள்பக்கம் போட்டால் கதவு திறக்காது என்று ஆசாரி தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். நிலக்கோட்டையிலிருந்து வந்திருந்த நர்ஸ் ஜெய்தூன் பீவி, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வாசப்படிய அறுத்து எடுத்துட்டா சரியாப் போயிரும்ல?” என்று கேட்டாள்.

எல்லாரும் பொன்னழகைப் பார்த்தார்கள். அவள் முகம் செத்துப்போயிருந்தது.

“அது மட்டும் வேணாம் நர்சம்மா” என்றாள். “எங்க வீட்ல கரையான் அரிச்சுச்சுன்னு வாசப்படியப் பேத்தோம். புதுசு போடுறதுக்குள்ள, பூ ஏத்திக்கிட்டுப் போன மனுசன் வேன் கவுந்து போயிட்டாரு. நெறஞ்ச வாசல்ல கைய வைக்க நான் ஒத்துக்கிட மாட்டேன். ஊருக்கு ஆகாது.”

அவளிடம் யார் எதிர்த்துப் பேசுவது? அவள் பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை, பயந்து சொல்கிறாள். குருசாமி சாவியைக் கழுத்திலிருந்து கழற்றிக் கைப்பிடியில் மாட்டினான். வண்டியைத் திருப்பிக்கொண்டு சரிவில் இறங்கினான். திறப்புக்கு என்று கிண்டிவைத்த கேசரி ஆறிப்போனது.

வழியெல்லாம் வீரலட்சுமி ஊரைத் திட்டிக்கொண்டே வந்தாள். கட்டத் தெரிஞ்சுச்சு, குலவை போடத் தெரிஞ்சுச்சு, இது தெரியலையா என்று பொரிந்து தள்ளினாள். வீடு வந்தது. வழக்கம்போல வண்டியைச் சாய்க்கக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

காலுக்கு முன்னால் அவள் வீட்டு வாசப்படி. போன வெள்ளிக்கிழமை அவள் வைத்த மஞ்சள், குங்குமம். தினமும் விடியுமுன்னே அவள் அதைத் தாண்டிப் போகிறாள். தினமும் அவள் வருகிற வரைக்கும் அவன் அதற்கு அந்தப் பக்கம் கிடக்கிறான். அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது. அவனைத் தெருவிலேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்துபோய், பழனிக்குமார் ஆசாரியை வாளோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“எங்க வீட்டு வாசப்படிய அறுங்க.”

ஆசாரி வெலவெலத்துப் போனான். “என்னக்கா, நாளு பாக்க வேணாமா? இன்னைக்கு ஒனக்கு மனசு சரியில்ல.”

குருசாமிக்கும் பயம்தான். “இந்தா, பேசாம இரு. ஏதாவது ஒண்ணு ஆயிப்போச்சுன்னா ஒன்னையத்தான் சொல்லுவாக. ஒந்தாலிக்கு ஆகாதும்பாக” என்றான்.

வீரலட்சுமிக்குப் பிறந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

“ஏனுங்க, வாசப்படி இருக்கறப்பத்தானுங்களே மரத்துல இருந்து வுழுந்தீங்க? அன்னைக்கும் மஞ்சப் பூசித்தானுங்க வெச்சிருந்தேன். அது உங்களக் காப்பாத்துச்சுங்களா?” என்றாள். “என்ற வூட்டுல மொதல்ல அறுக்கட்டும். வர்றது எனக்கு வரட்டும். ஊரு பாத்துக்கிட்டு, அப்பறம் அறுக்கட்டும்.”

குருசாமி கப்சிப். ஆசாரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாளை வைத்தான். கட்டை காய்ந்து இறுகிக் கிடந்தது, அறுபட நேரமாயிற்று. வாய்ப்பேச்சுக்குத்தான் தைரியம் எல்லாம். அறுத்த கட்டையைத் துணியில் சுற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, ராத்திரி முழுக்கப் புருசன் மூச்சு விடுகிறானா என்று மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள்.

அப்புறம் ஊருக்கு அதே வேலையாகிவிட்டது. தயிருக்கு உறை வாங்குகிற சாக்கில் ஒருத்தி வருவாள், வெஞ்சனம் என்ன வைத்தாய் என்று இன்னொருத்தி எட்டிப் பார்ப்பாள். எல்லார் கண்ணும் வாசலில். பொன்னழகு தினமும் வந்து, “தம்பி நல்லாருக்கானா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். வீரலட்சுமிக்குக் காய்ச்சல் வந்தது. வந்ததைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. நடுக்கத்தோடு போய் மொட்டுப் பறித்தாள். ஆடு ஒன்று வயிறு உப்பிப் படுத்தது. யாரும் பார்ப்பதற்குள் வீட்டுக்குப் பின்னால் இழுத்துக் கட்டி, அதோடு மல்லுக்கட்டி எழுப்பி நடமாட விட்டாள். தும்மல் வந்தால்கூட முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொள்வாள். பாவம், அப்படி ஒரு காவல் காத்தாள்.

அப்புறம் ஒரு காலை. அவள் தோட்டத்தில் பாதிப் பாத்தி பறித்திருப்பாள். வரப்பு மேல் பொன்னழகு தலைவிரிகோலமாக ஓடி வந்தாள்.

“அடி வீரலட்சுமி, வீடு தெறந்து கெடக்கு. தம்பியக் காணோம்டி.”

வீரலட்சுமி மடியில் இருந்த பூ முழுக்கக் கொட்டிவிட்டது. மடியை உதறவும் தோன்றாமல் ஓடினாள். மிதித்துக்கொண்டு ஓடியது எல்லாம் அவள் பறித்த மொட்டு. நான்தான் கொன்னேன், என் திமிருதான் கொன்னுச்சு என்று புலம்பிக்கொண்டே ஓடினாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். வாய்க்காலை எட்டிப் பார்த்தாள். தெரு முக்குத் திரும்பினாள்.

குருசாமி புதுக் கட்டிடத்துச் சரிவின் உச்சியில் இருந்தான். வாசப்படிக்கு வெளியே, வெயிலில். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கிழவிகள் வரிசையாக நின்றார்கள். கதவு பூட்டிக் கிடந்தது. காது கேட்காத கிழவரிடம், கத்தாமல், விரலைக் காட்டி என்னவோ கேட்டுக்கொண்டிருந்தான்.

அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான். “வீட்டுக்குள்ள இருந்து நானா எறங்கிப் பாத்தேன். வண்டி பாட்டுக்கு எறங்கிருச்சு. அப்படியே வந்தேன்” என்றான். திருட்டு முழி முழித்தான்.

வீரலட்சுமி சரிவின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பொன்னழகு மூச்சு வாங்க வந்து நின்றாள். வெயிலில் இருக்கிறவனைப் பார்த்தாள். உள்ளே பெஞ்சும் மின்விசிறியும் சும்மா கிடக்கிற பூட்டின கதவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“வாசப்படி போனா என்னமோ ஆயிரும்னு தெனமும் வந்து பாத்தேன்” என்றாள், யாரிடம் என்றில்லாமல். “ஆயிருச்சுதான். வீட்டுக்குள்ள கெடந்தவன் வெளிய வந்துட்டான். அம்புட்டுதான் ஆச்சு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆசாரியக் கூப்புடுங்க. அறுக்கும்போது நான் பக்கத்துல நிக்கிறேன். வர்றது மொதல்ல எனக்கு வரட்டும்.”

அன்றைக்கே அறுத்தார்கள். அடியில் கிடந்த காசையும் நவதானியத்தையும் பொன்னழகு தொடவிடவில்லை, அதன் மேலேயே சிமெண்டைப் பூசித் தரையோடு தரையாகச் சமன் செய்யச் சொன்னாள். அது காய்ந்ததும் அவளே குனிந்து தரையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். “ஒருத்தரும் கைய நீட்டக் கூடாது, சொல்லிட்டேன்” என்று கூட்டத்தைப் பார்த்து ஒரு அதட்டுப் போட்டாள். நர்ஸ் ஜெய்தூன் பீவி உட்பட எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தப்புப் பண்ணிவிட்டு நிற்கிற பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

குருசாமி பொன்னழகிடமிருந்து சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்தான். சக்கரத்தில் கையை வைத்தான். பிறகு ஒரு தள்ளு. வண்டி மஞ்சளையும் குங்குமத்தையும் மிதித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. புதுத் தரையில் மேசை வரைக்கும் ரெண்டு மஞ்சள் கோடு விழுந்தது. குலவை போட வந்தவர்கள் அழுதுவிட்டதால் குலவை சரியாக வரவில்லை.

குருசாமி மேசையைச் சுற்றிப் போய், மின்விசிறியைப் போட்டு, வாசலைப் பார்த்துத் திரும்பினான். கூட்டத்தில் கடைசியாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றவளைத் தேடிப் பிடித்தான். ஒருத்தரும் தூக்கக் கூடாது என்று அவன் சொன்ன நாளிலிருந்து எந்த வாசலிலும் அவள்தான் அவனை உள்ளே கொண்டுபோனாள்.

“வா வீரலட்சுமி” என்றான். “உள்ள வா. வந்து ஒக்காரு.”